கோடைக்கால நோயாளி

அவரைத் தெருவில் ‘நடிகர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். சினிமாவிலோ நாடகத்திலோ அவர் தலைகாட்டியதில்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஒரு ஷூக் கடையில் விற்பனையாளர். வருகிறவர்களின் முன்னால் குட்டை முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, பாதத்தை அளவுப் பலகையில் வைக்கச் சொல்லி, பெட்டி பெட்டியாக இறக்கிக் காட்டி, எதுவும் பிடிக்காமல் எழுந்து போகிறவர்களுக்கும் முகம் சுளிக்காமல் கதவைத் திறந்துவிடுகிற உத்தியோகம். மீசை முளைத்த நாளிலிருந்து அதே கடை, அதே முக்காலி. கோடை வந்துவிட்டால் மட்டும் மனிதர் வேறு ஆளாகிவிடுவார்.

கோடை விடுமுறையில் பல்கலைக்கழகம் காலியாகக் கிடக்கும். இத்தனை பெரிய கட்டடத்தைச் சும்மா பூட்டி வைப்பானேன் என்று சில வாரங்களுக்குக் குறுகிய காலப் படிப்புகள் நடத்துவார்கள். அறிவியல், உடல்நலம், மனித வளர்ச்சி என்று மூன்று பிரிவு. பள்ளி ஆசிரியர்கள், நர்ஸுகள், குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறவர்கள், மருத்துவம் படிக்கப் போகிற பிள்ளைகள் என்று கலந்துகட்டி ஒரு கூட்டம் வரும். கீழ்த் தளத்தில் ஒரு அறையில் பொம்மைக் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பார்கள். அடுத்த அறையில் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நுண்ணோக்கியில் வெங்காயத் தோலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மாடியில் கடைசி அறை நோயாளிகளுடையது.

நோயாளிகள் என்றால் நிஜ நோயாளிகள் இல்லை. நோயாளியாக நடிக்கிறவர்கள். படிக்க வந்தவர்கள் எடுத்த எடுப்பில் உண்மையான நோயாளியிடம் போய் உளறிக்கொட்டக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் கொடுப்பார்கள். இன்ன வயது, இன்ன வியாதி, எப்போது ஆரம்பித்தது, எதைக் கேட்டால் எதைச் சொல்ல வேண்டும், எதைக் கேட்காவிட்டால் வாயைத் திறக்கவே கூடாது என்று அதில் எழுதியிருக்கும். மாணவர் உள்ளே வந்து விசாரிப்பார், தொட்டுப் பார்ப்பார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பொறுப்பாளர் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார். மணி அடித்ததும் நோயாளி வேஷத்தைக் கலைத்துவிட்டு, ‘நீங்க பேசினது எனக்கு எப்படி இருந்துச்சுன்னா’ என்று மாணவரிடம் மனதில் பட்டதைச் சொல்ல வேண்டும். அந்த மணியை அடிப்பவரும் பொறுப்பாளர்தான் என்பதால் நடிக்கிறவர்கள் தங்களுக்குள் அவரை மணிக்காரம்மா என்று சொல்லிக்கொள்வார்கள். மருத்துவப் பேராசிரியர், பெரிய படிப்பு, ஆனால் கொஞ்சமும் தலைக்கனம் இல்லாத பெண்மணி.

நடிகர் அங்கே போய்ச் சேர்ந்த கதை வேடிக்கையானது. முதலாளி வெளியே போயிருந்த சமயம், கடைப் பையன்கள் சிரிக்க வேண்டும் என்று முதலாளியைப் போல நடந்து காட்டிக்கொண்டிருந்தார். தொப்பையைத் தள்ளி, ஒரு காலை லேசாக வெளியே வீசி, திரும்பும்போது முதலில் கழுத்தைத் திருப்பி, அப்புறம் உடம்பைத் திருப்பி, அச்சு அசல் முதலாளி. ஷூ வாங்க வந்த மணிக்காரம்மா வாசலிலேயே நின்று பார்த்தார். நடிகர் அசடு வழிய முக்காலியை எடுத்துப் போட்டார். அந்த அம்மா காலை நீட்டாமல், “சார், கோடையில கொஞ்ச நாள் லீவு கிடைக்குமா உங்களுக்கு?” என்று கேட்டார்.

அன்றிலிருந்து ஒரு கோடைகூட அவர் தவறவிட்டதில்லை. முதலாளி முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். ஆனாலும் நடிகர் விட்டுக்கொடுக்க மாட்டார். குடல்வால் வீங்கியவர், சர்க்கரை ஏறியவர், காது கேட்காதவர், மூச்சுக் குழாய் சுருங்கியவர் என்று அவர் போடாத வேஷமில்லை. ஷூக் கடையில் காலையிலிருந்து மாலைவரை ஆட்கள் எழுந்து நடந்து பார்ப்பதைத்தானே பார்க்கிறார்? யார் எந்தக் காலில் ஊன்றுகிறார்கள், வலியை மறைக்க எந்தத் தோளைச் சாய்க்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. அதை அப்படியே எடுத்து உடம்பில் மாட்டிக்கொள்வார்.

வீட்டில் அவரும் மனைவியும் மட்டும்தான். மனைவி ஒரு கூரியர் அலுவலகத்தில் பொட்டலம் கட்டுகிறவள். ஒத்திகைக்கு அவள்தான் டாக்டர். வேலையிலிருந்து வந்து துணி மடித்துக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “சொல்லுங்க, என்ன பண்ணுது?” என்று கேட்பாள். அவர் நாற்காலியில் சுருண்டு உட்கார்ந்து முனகுவார். “எப்பலேருந்து?” என்பாள். அவர் சொல்வார். “சரி, பொழைச்சுப்பீங்க. பால் பொங்குது, போய் அணைச்சுட்டு வாங்க” என்று வைத்தியத்தை முடித்துவிடுவாள். மாலையில் அவர் வகுப்பு முடிந்து வந்தால் கதவைத் திறக்கும்போதே “இன்னிக்கு என்ன வியாதி?” என்பதுதான் வரவேற்பு. யார் என்ன பாராட்டினார்கள் என்று அவர் சொல்லுவார். கை கால் கழுவியதும் இன்னொரு தடவை சொல்லுவார். சாப்பிடும்போது மறுபடியும் சொல்லுவார். அவள் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டுக்கொள்வாள்.

இதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. வருஷம் முழுக்க ஒரு மனிதன் அடுத்தவர் காலடியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறான். ‘நீ இதில் கெட்டிக்காரன்’ என்று அவனிடம் யாராவது சொல்கிற ஒரே இடம் அந்த மாடி அறை. அதை அவர் பொத்திப் பொத்தி வைத்திருந்ததில் தப்பென்ன இருக்கிறது?

முந்தின கோடைக்கு முந்தின கோடையில் அவருக்கு நடுக்குவாதக்காரர் வேஷம் வந்தது. பார்க்கின்சன் நோய் என்று தாளில் போட்டிருந்தது. வலது கை நடுங்க வேண்டும், சின்னச் சின்ன அடியாக நடக்க வேண்டும், முகத்தில் உணர்ச்சி தெரியக் கூடாது. நடிகர் விழுந்து விழுந்து நடித்தார். மணிக்காரம்மா சிரித்துக்கொண்டே, “கொஞ்சம் ஓவர் சார். கொடியில காயப்போட்ட துணி மாதிரி ஆடறீங்க. இது ரொம்ப அடக்கமான வியாதி” என்றார். அவருக்கு முகம் தொங்கிவிட்டது. அடுத்த கோடைக்குள் இதைப் பிடித்தே தீருவேன் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டார்.

பிடித்தும் விட்டார். போன கோடையில் அவர் அந்த வேஷத்தோடு உள்ளே நடந்து வந்தபோது அறையில் பேச்சே நின்றுவிட்டதாம். கையை மடியில் வைத்ததும் விரல்கள் தாமாக, மெதுவாக, எதையோ உருட்டுவதுபோல் அசைந்தன. எழுந்திருக்கும்போது ஒரு தயக்கம், திரும்பும்போது ஒரு தடுமாற்றம், எல்லாம் அளந்து வைத்ததுபோல். ஒரே ஒரு சிக்கல். தாளில் வலது கை என்று இருந்தது, அவருக்கு இடது கையில்தான் இயல்பாக வந்தது. “பரவாயில்ல சார், உங்களுக்கு வர்ற கையிலேயே பண்ணுங்க” என்று மணிக்காரம்மா தாளில் வலதை அடித்து இடது என்று திருத்தினார். வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு நரம்பியல் நிபுணர் மூக்கின் மேல் விரல் வைத்தார். கடைசி நாள் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்த நடிகரின் கால் தரையில் பாவவில்லை.

பாவாமல் போனதற்கு வேறு காரணமும் இருந்தது. அது அப்போது யாருக்குத் தெரியும்?

கோடை முடிந்து கடைக்குத் திரும்பிய பிறகும் அந்த வேஷம் அவரை விட்டுப் போகவில்லை. ஷூ நாடாவைக் கோப்பதற்கு நேரம் பிடித்தது. பில் எழுதினால் எழுத்து வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே போனது. “என்னய்யா, எறும்புக்கா பில் போடறே?” என்று முதலாளி கத்தினார். நடிகர் கண்ணாடியை மாற்றினார். வீட்டில் சட்டை பட்டனோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றால் மனைவி, “வீட்ல நடிக்காதீங்க” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, கையைத் தட்டிவிட்டு அவளே போட்டுவிடுவாள். அவர் சிரிப்பார். உடம்பில் ஊறிப்போன வேஷம், கலைய நாளாகும் என்று கடைப் பையன்களிடம் பெருமையாகவே சொல்லிக்கொண்டார். நடிப்பில் ஊறியவனுக்கு இப்படியெல்லாம் நடக்கும் என்று எங்கேயோ கேள்விப்பட்டிருந்தார்.

இந்தக் கோடையில் அவருக்கு முட்டிவலி. சப்பென்ற வேஷம். “போன வருஷம் அவ்வளவு பெரிய ஐட்டம் பண்ணினவனுக்கு முட்டிவலியா?” என்று மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டார். முட்டியைத் தவிர வேறு கோளாறு எதுவும் இல்லாத மனிதர் என்று தாளில் தெளிவாக இருந்தது.

முதல் நாள் உள்ளே வந்தவள் ஒரு நர்ஸ். முதியோர் இல்லத்தில் வேலை பார்த்துக்கொண்டே படிக்க வந்திருந்தாள். கீச்சுக் குரல், ஆனால் கண் மட்டும் நிதானமாக இருந்தது. முட்டியைப் பற்றி நாலு கேள்வி கேட்டாள். நடந்து காட்டச் சொன்னாள். அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு அருமையாக நொண்டினார். அவள் முட்டியைப் பார்க்கவே இல்லை.

“ஐயா, இன்னொரு தடவை நடங்க. முட்டிலேருந்து கையை எடுத்துட்டு.”

நடந்தார்.

“உங்க இடது கை வீசவே மாட்டேங்குதே ஐயா. எப்பலேருந்து இப்படி?”

நடிகருக்குத் தாளில் இதற்குப் பதில் இல்லை. “முட்டிதாம்மா வலிக்குது” என்றார்.

அவள் விடவில்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்டிக் காட்டச் சொன்னாள். வலது கை தட்டியது. இடது கை இரண்டு தட்டுக்குப் பிறகு தயங்கி, சின்னதாகி, நின்றே விட்டது. நடிகர் தன் விரலைப் பார்த்தார். அவர் அதை நிறுத்தவில்லை. அதுவாக நின்றது.

மணி அடித்தது. மணிக்காரம்மா உள்ளே வந்து நர்ஸிடம் மென்மையாகவே சொன்னார். “கேஸை விட்டு வெளிய போயிட்டீங்கம்மா. இது முட்டி. இல்லாததைத் தேடப் போனா இருக்கறது கைநழுவிடும்.” மதிப்பெண்ணில் கைவைத்துவிட்டார். பிறகு நடிகர் பக்கம் திரும்பி, “தப்பு உங்க மேலயும்தான் சார். போன வருஷ வேஷம் இன்னும் கலையல உங்களுக்கு” என்று சிரித்தார். நடிகரும் சிரித்தார். நர்ஸ் சிரிக்கவில்லை. போகும்போது கதவருகில் நின்று, மரியாதைக்குக் குறைவில்லாமல், “மன்னிச்சுக்கோங்க ஐயா. எங்க இல்லத்துல ரெண்டு பேரு இப்படித்தான் நடப்பாங்க. அதான் கேட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நடிகர் அன்று மீதி நேரம் முழுக்க இடது கையை வேண்டுமென்றே வீசி நடந்தார். வீச வேண்டும் என்று நினைத்தால் வீசியது. முட்டியை நினைத்தால் கை நின்றுவிட்டது. கையை நினைத்தால் முட்டி மறந்துபோனது. இத்தனை கோடையில் முதல் முறையாக ஒரு மாணவர் மணி அடித்த பிறகு, “உங்களுக்கு எந்தக் கால்ல வலின்னு குழப்பமா இருந்துச்சு சார்” என்றார்.

மறுநாள் வகுப்பு இல்லை. கடைக்குப் போனார். முதலாளி சாப்பிடப் போனதும், வாடிக்கையாளர்கள் நடந்து பார்ப்பதற்காகத் தரையோடு சாய்த்து வைத்திருக்கும் கண்ணாடிக்கு எதிரே போய் நின்றார். குட்டைக் கண்ணாடி, முழங்காலுக்குக் கீழேதான் தெரியும். முகம் தெரியாது. அவர் தன் காலை ஒரு வாடிக்கையாளரின் காலாக நினைத்துக்கொண்டு நடந்தார். வலது பாதம் எழும்பி, குதிகால் முதலில் பட்டு இறங்கியது. இடது பாதம் எழும்பவில்லை. அது தரையை விட்டுப் பிரிய மனமில்லாததுபோல் உரசிக்கொண்டு வந்தது.

முக்காலியில் உட்கார்ந்து இடது ஷூவைக் கழற்றித் திருப்பினார். ஆயிரக்கணக்கான ஜோடி ஷூக்களைத் திருப்பிப் பார்த்தவர். மனிதன் பொய் சொல்லலாம், அடிப்பாகம் சொல்லாது. குதிகால் புதிதுபோல் இருந்தது. நுனி தேய்ந்து உள்ளே துணி தெரிந்தது. நுனி தேய வேண்டுமென்றால் மாதக்கணக்கில் இழுத்து நடந்திருக்க வேண்டும். கடைக்கு வரும்போதும் போகும்போதும், பேருந்து பிடிக்கப் போகும்போதும், பால் வாங்கப் போகும்போதும். அங்கெல்லாம் அவருக்கு யார் தாள் கொடுத்தார்கள்? யாருக்காக நடித்தார்?

கையில் ஷூவோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். வியாதி வந்துவிட்டதே என்ற பயம் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக வேறொன்று அரித்தது. போன கோடையின் கைதட்டல். எல்லோரும் எழுந்து நின்றார்களே, அது யாருக்கு? இவருக்கா, இவருக்குள் வந்து உட்கார்ந்துகொண்ட அந்த வியாதிக்கா? முந்தின வருஷம் கஷ்டப்பட்டு நடித்தது ஓவர். அடுத்த வருஷம் தானாக வந்தது பிரமாதம். வாழ்க்கையில் ஒரே ஒரு விஷயத்தில் கெட்டிக்காரன் என்று நினைத்திருந்தார், அதுவும் தன்னுடையது இல்லையா? கடைக் கதவு திறந்து யாரோ வந்தார்கள். எழுந்து, சிரித்து, முக்காலியை இழுத்துப் போட்டார்.

யாரிடமும் சொல்லாமல் ஒரு நரம்பு டாக்டரிடம் போனார். டாக்டர் நடக்கச் சொன்னார், எழுதச் சொன்னார், மணிக்கட்டைப் பிடித்து மடக்கிப் பார்த்தார். பிறகு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணைப் பார்த்து, இது பார்க்கின்சன்தான் என்று சொன்னார். குணப்படுத்த முடியாது, ஆனால் மாத்திரை இருக்கிறது, உடற்பயிற்சி இருக்கிறது, பல வருஷம் நன்றாகவே ஓட்டலாம் என்றார்.

நடிகர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். முடிந்ததும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, “நல்லா சொன்னீங்க டாக்டர். அவசரப்படுத்தல. கண்ணைப் பார்த்துச் சொன்னீங்க. எனக்கு ரொம்ப ஆறுதலா இருந்துச்சு” என்றார்.

டாக்டர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அப்போதுதான் நடிகருக்குத் தான் என்ன செய்கிறோம் என்று உறைத்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்தார். படியிறங்கி வெயிலுக்கு வந்ததும் கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நடுத்தெரு, போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். அவருக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

மாலை கதவைத் திறந்த மனைவி வழக்கம்போல, “இன்னிக்கு என்ன வியாதி?” என்றாள்.

“அதேதான். போன வருஷ வியாதி.”

“முட்டின்னு சொன்னீங்க?”

“இது தாள்ல இல்ல. எனக்கு வந்திருக்கு. டாக்டரைப் பார்த்துட்டு வரேன்.”

அவள் ‘நடிக்காதீங்க’ என்று சொல்வாள், பிறகு நம்புவாள், பிறகு அழுவாள், அவளைத் தேற்ற வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். அதெல்லாம் நடக்கவில்லை. அவர் கையிலிருந்த மருந்துப் பையை வாங்கிக்கொண்டாள். மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று மட்டும் கேட்டாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இவள் நெஞ்சழுத்தக்காரி என்று அவர் நினைத்துக்கொண்டார். கொஞ்சம் கோபம்கூட வந்தது.

மறுநாள் பல்கலைக்கழகத்துக்குப் போய் மணிக்காரம்மாவின் அறைக் கதவைத் தட்டினார். வாயைத் திறந்தால் இந்த வேலை போய்விடும் என்று அவருக்குத் தெரியும். நடிக்கிறவருக்கு நிஜ வியாதி இருந்தால் மாணவர்களுக்கு எதை நம்புவது என்று தெரியாது. பேசாமல் இருந்துவிடலாம், இந்த ஒரு கோடையை ஒப்பேற்றிவிடலாம் என்று மாடிப்படியில் நின்று ஒருமுறை யோசித்தார். ஆனால் அந்தப் பெண்ணின் மதிப்பெண் உறுத்தியது.

“அந்த நர்ஸ் பொண்ணு பார்த்தது சரி மேடம். அவ கேஸை விட்டு வெளிய போகல” என்றார்.

மணிக்காரம்மா முழுவதையும் கேட்டார். கேட்கக் கேட்க அந்த அம்மாவின் முகம் வெளிறியது. “நான் மதிப்பெண்ணை மாத்தறேன்” என்றார் முதலில். அப்புறம், “ஐயோ சார், போன வருஷம் பூரா நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கைதட்டிட்டு இருந்தேனே. வலதை அடிச்சு இடதுன்னு என் கையாலேயே எழுதினேனே” என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

“உங்களைச் சொல்லி என்ன மேடம். எனக்கே தெரியலையே.” பிறகு, கேட்கவே கூடாது என்று நினைத்திருந்ததைக் கேட்டார். “அப்ப நான் நடிச்சதுன்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?”

அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைத் திரும்ப எடுத்து மாட்டிக்கொண்டார். குடல்வால், சர்க்கரை, காது கேட்காதவர் என்று பழைய வேஷங்களையெல்லாம் எடுத்துச் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். நடிகருக்கு அது சப்பைக்கட்டாகப் பட்டது. கடைசியில் மணிக்காரம்மா தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். கடைசி வகுப்பு முதுமையைப் பற்றியது, விருப்பம் இருந்தால் அதற்கு அவர் வர முடியுமா, வேஷம் இல்லாமல், அவராகவே?

“தாள் கிடையாதா?”

“கிடையாது சார். கேட்டா உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க. சொல்லப் பிடிக்கலேன்னா விட்டுடுங்க.”

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டார். போகப் போவதில்லை என்றுதான் மனைவியிடம் சொன்னார். அவள் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். “போங்க. நானும் வரேன்” என்றாள். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. வந்து பாரேன் என்று எத்தனையோ முறை கெஞ்சியிருக்கிறார், பொட்டலம் யார் கட்டுவது என்று தட்டிக்கழித்துவிடுவாள். அவர் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார்.

கடைசி வகுப்பில் தடுப்புகளையெல்லாம் எடுத்துவிட்டு நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். ஜன்னல்களைத் திறந்து வைத்தும் புழுக்கம் தாங்கவில்லை. அவர் நடுவில் இருந்த நாற்காலிக்கு நடந்து போனார். கை வீசவில்லை, அவரும் அதை வீச முயற்சி செய்யவில்லை. மனைவி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கதவோரமாக உட்கார்ந்தாள். மணிக்காரம்மா விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். அந்த நர்ஸ் சரியாகப் பார்த்ததையும் தான் தவறாகப் பார்த்ததையும் மறைக்காமல் சொன்னார். முதல் கேள்வியை நர்ஸே கேட்கட்டும் என்றார்.

நர்ஸுக்கு அவரைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, கீச்சுக் குரலை இன்னும் தணித்து, “ஐயா, இது எப்ப ஆரம்பிச்சுது உங்களுக்கு?” என்று கேட்டாள்.

“ஒரு வருஷம் இருக்கும்மா. முதல்ல வலது...” என்று அவர் ஆரம்பித்துவிட்டார். தாளில் இருந்த பதில். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வருகிற பதில். பாதியில் நிறுத்தினார். தன்னுடைய பதிலைத் தேடினார். எப்போது ஆரம்பித்தது? பில் எழுத்து சிறுத்தபோதா? அதற்கு முன்னாலா? ஒத்திகை என்று நினைத்ததில் எது ஒத்திகை, எது வியாதி? எவ்வளவு துழாவியும் கைக்கு ஒன்றும் அகப்படவில்லை. அவருடைய சொந்த வியாதி அவருக்குத் தெரியாமலே அவருக்குள் நடந்திருக்கிறது.

“தெரியலம்மா” என்றார். “நான் நடிச்சிட்டிருந்தப்ப எப்பவோ வந்துடுச்சு.”

யாரோ ஒருவர் வேடிக்கையாக நினைத்து லேசாகச் சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்.

“எனக்குத் தெரியும்” என்றாள் மனைவி.

எல்லோரும் கதவுப் பக்கம் திரும்பினார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டு, நர்ஸைப் பார்த்துப் பேசினாள்.

“முதல் தடவை அந்த வேஷம் போட்டாரே, அந்தக் கோடை முடிஞ்சு மழை பிடிச்ச சமயம். டிவி பார்த்துட்டிருந்தார். நான் பின்னாடி துணி எடுக்க வந்தேன். நான் வந்தது அவருக்குத் தெரியாது. மடியில இருந்த இடது கை தானா உருட்டிட்டிருந்துச்சு. பார்க்க ஆளில்லாதப்ப யாரும்மா நடிப்பாங்க? அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு.”

நடிகர் இருந்த இடத்திலிருந்தே கழுத்தை மட்டும் அவள் பக்கம் திருப்பினார்.

“தெரிஞ்சுமா வீட்ல நடிக்காதேன்னு திட்டினே?” என்றார்.

“தெரிஞ்சுதான் திட்டினேன்.” இப்போதுதான் அவள் அவரைப் பார்த்தாள். “நடிப்புன்னு நான் சொல்லிட்டிருந்தாதானே உங்களுக்கு அது நடிப்பா இருக்கும்? எல்லாரும் எந்திரிச்சுக் கைதட்டினாங்கன்னு வந்து சொன்னீங்களே, அன்னிக்கு உங்க முகம் எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா? கல்யாணம் ஆன நாள்லேருந்து அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்ல. அதை நான் எப்படிங்க பிடுங்கறது? டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருக்கணும். தப்புதான். இன்னும் ஒரு கோடை போகட்டும், இன்னும் ஒரு கோடை போகட்டும்னு வெச்சுட்டேன்.” புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நடிகர் நாற்காலியோடு அவள் பக்கம் திரும்ப முயன்றார், முடியவில்லை. பிடித்துக்கொண்டு எழுந்து, நாற்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டு, அவளைப் பார்த்தபடி உட்கார்ந்தார். அதற்குக் கொஞ்சம் நேரம் ஆனது. எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் அவளை ஏதோ புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மழைக்காலத்துக்குப் பிறகும், வகுப்பு இருந்த நாளெல்லாம் கதவைத் திறந்து, இன்று என்ன வியாதி என்று சிரித்துக்கொண்டே கேட்டவள். அவருக்கு ஒரு தடவைகூடச் சந்தேகம் வரவில்லை.

நர்ஸ் நோட்டை மூடப் போனாள்.

“மூடாதம்மா” என்றார் நடிகர், மனைவியின் மேலிருந்து கண்ணை எடுக்காமல். “அவ சொல்றதை எழுதிக்கோ.”